தலைகீழாக நின்ற யானைகள்

எஹலியகொட,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் அஜந்தனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே ஒரே மழை, ரப்பர் மரம் காயாததால் பால் வெட்டு இல்லை, அப்பா லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். முழங்கால் வலி அவருக்குப் பரவாயில்லை, நீ அனுப்பிய தைலம் தீரப்போகிறது. தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது தம்பி, அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற நிரோஷனிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

பரிசத்துக்கு விஜயகலாவுக்கு ஜாக்கெட் தைக்கச் சொல்லி நீ வேலை செய்கிற கடையிலிருந்து ஒரு துணி அனுப்பினாயே, அரக்கு நிறத்தில் ஜரிகை யானை போட்டது, அதைப் பிரித்த அன்றைக்கு லயத்துப் பெண்கள் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தார்கள். கூட வந்த, அளவுக்கு வெட்டிய பேட்டன் கடதாசிகளை விரித்து வைத்து வெட்டினால் போதும், அளவு பிசகாது என்று நீ சொன்னாய். அளவு பிசகவில்லை. ஒவ்வொரு கடதாசியிலும் ஓர் அம்புக்குறி இருந்தது, எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். ஆனால் நம் தோட்டத்தில் யார் அம்புக்குறி பார்த்து வெட்டினார்கள், ஒரு துண்டை நேராக வைத்து அடுத்ததைத் தலைமாற்றி இடுக்கி, மிஞ்சுகிற துணியில் இன்னொருத்திக்கும் ஒன்று தேற்றுவதுதானே நம் பழக்கம். பூப்போட்ட சீத்தைத் துணிக்கு அது சரி. இந்தத் துணியைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது, மருமகள் போடுகிற துணியிலேயே நானும் ஒன்று போட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டில் நிற்க வேண்டும் என்று. துணியின் உள்பக்கம் யானை தெரியாமல் வெறும் நூலாகத்தான் இருந்தது, அதில் சோக்கால் கோடு போட்டு, அவளுடைய முதுகுத் துண்டைத் தலைமாற்றி வைத்து, எனக்கும் ஒன்றுக்குத் துணி மிச்சம் பிடித்துவிட்டேன்.

என்னுடையதைத் தைத்து ஆணியில் மாட்டிவிட்டு அவளுடையதுக்கு ஹூக் வைக்கும்போதுதான் பார்த்தேன். முன்னால் யானையெல்லாம் ஒழுங்காக நிற்கிறது, முதுகில் அத்தனையும் காலை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கிறது. என்னுடையதைப் பிரித்தால் அவள் முதுகுக்குத் துணி கிடைக்கும் என்று அப்போதே எனக்குத் தெரியும் தம்பி. மனசு வரவில்லை. சாரித் தலைப்பு மூடும், பின்னல் நிறையப் பூ வைப்பார்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அயன் பண்ணித் தட்டில் வைத்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

பரிசத்தன்று கேகாலையில் பெண் வீட்டில், நாம் கொண்டுபோன உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து பெண் மாமியார் காலில் விழ வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை பார். விஜயகலா குனிந்து விழுந்தாள், பூவும் தலைப்பும் ஒரு பக்கம் சரிந்தது, முதுகு முழுதும் எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள டீச்சர் இது புது மோஸ்தரா என்று கேட்டார். அந்தப் பிள்ளையின் பெரியம்மா மருதாயி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாமியாக்காரிக்கு யானை நிமிந்து நிக்குது, எங்க புள்ளைக்குத்தான் தலகீழா கெடக்கு, வீட்டுக்கு வர முந்தியே இவ எடம் எதுன்னு தச்சே காட்டிட்டாங்க என்றார். எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. விஜயகலாதான் எழுந்து நின்று, நாந்தான் சீக்கிரம் சீக்கிரம்னு அத்தையை அவசரப்படுத்திட்டேன், அவுங்க மேல ஒன்னும் இல்ல என்றாள். அவள் என்னை அவசரப்படுத்தவே இல்லை. அந்தப் பொய்யை நான் அப்படியே விட்டுவிட்டேன். கல்யாணத் தேதியைப் பிறகு பேசுவோம் என்று அவர்கள் தட்டை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். நல்ல நாள் அமையவில்லை என்று உன்னிடம் நான் சொன்னது பொய்.

மறுநாளே என்னுடையதைப் பிரித்தேன். நான் பெருத்தவள், என் முதுகுத் துணியில் அவள் முதுகு தாராளமாக அடங்கியது. அதை வைத்து அவளுடையதை நேராகத் தைத்து, அவிசாவளையில் பஸ் மாறிக் கேகாலைக்குப் போனேன். பெரியம்மா முன்னால் என் மேல்தான் தப்பு, இந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள் என்று சொல்லிவிட்டேன். அவர் உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. விஜயகலா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, முன்னாடியே பாத்தீங்களா அத்தை என்று மெதுவாகக் கேட்டாள். பார்த்தேன் என்றேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா தலைப்ப இழுத்துச் செருகிக்கிட்டு விழுந்திருப்பேனே என்றாள். பிறகு, அவருக்கு இது தெரிய வேணாம், அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு உங்களுக்கும் எனக்கும் நடுவுல தவிப்பாரு என்றாள். நான் ஒரு முதுகுத் துணியைக்கூட யாருக்கு விட்டுக்கொடுக்கவில்லையோ அந்தப் பிள்ளை எனக்காக இவ்வளவு விட்டுக்கொடுக்கிறாள். அதனால்தான் நானே எழுதுகிறேன்.

நான் உனக்கு அனுப்பியதெல்லாம் முன்பக்கத்துப் போட்டோ. எங்கம்மா தைத்தது என்று ரூமில் எல்லோரிடமும் காட்டினேன் என்றாயே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் விழுந்து கும்பிடும்போது எடுத்த போட்டோவை ஸ்டூடியோவில் கழுவி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். என் ஜாக்கெட் முதுகு இல்லாமல் ஆணியில் தொங்குகிறது, இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, அப்பாவுக்குத் தைலம் அனுப்ப மறக்காதே. மாரியம்மா உன்னையும் அந்தப் பிள்ளையையும் ஒன்றாகச் சேர்த்து வைத்து, குறையில்லாமல் வாழவைக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் முதலில் அவளுக்குப் போன் போடு. எனக்குப் போடுவது உன் மனசு.

உன் அம்மா,
ஜெயம்மா இருளப்பன்