மூன்றாவது பெஞ்சில் பூண்டு வாசம்

இன்று காலை கடையில் புதுப் பூண்டு மூட்டையைப் பிரித்தேன். நீ வந்துவிட்டாய். மழை ஈரத்தில் அந்த வாசம் அரிசி மூட்டைகளின் மேல் மெல்லப் படர, கல்லாவில் உட்கார்ந்தபடியே நான் எங்கோ போய்விட்டேன். எதிரில் நின்றவர் இரண்டு முறை விலை கேட்டாராம். வியாபாரி செய்யக் கூடாத காரியம்.

எண்பதுகளில் அம்பத்தூர் மார்க்கெட்டில் நமக்கு அடுத்தடுத்த கடைகள். எனக்கு அரிசி, உனக்குப் பூண்டு. வாரம் முழுக்கப் பூண்டில் புரண்ட உன் கைக்கு எந்த சோப்பும் ஈடுகொடுக்காது. ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயில் சர்ச்சில், சலவைச் சட்டையையும் பவுடரையும் மீறி அது மணக்கும். "நான் எந்த பெஞ்சுல கீறேன்னு கர்த்தர் கண்ண மூடிகினே கண்டுபுடிப்பாரு மாமே" என்பாய்.

அப்புறம் என் தங்கையின் கல்யாணப் பேச்சு. சர்ச்சில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் மாமா உன் கடைக்கு வந்து பெண்ணைப் பற்றி விசாரித்தார். சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்ததை நீ சொல்லிவிட்டாய். இரண்டாவது ஓலை வாசிக்கப்படவே இல்லை.

"கேட்டாங்க. பொய் சொல்ல வாய் வரல" என்றாய் என்னிடம்.

அது பொய்யாக இருந்திருந்தால் சுலபமாக மன்னித்திருப்பேன். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், வீட்டுக்குள் பார்த்ததை வெளியே எடுத்து வைத்துவிட்டாய்.

பேச்சு நின்றது. ஆனால் மூன்றாவது பெஞ்சை விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. நடுவில் டைலர் சாமுவேல் அண்ணனை உட்காரவைத்துக்கொண்டோம். இராப்போஜன அப்பம் வாங்குவதற்கு முன், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து 'தேவ சமாதானம்' என்று சொல்ல, அது கைக்குக் கை கடந்து வருமே, அது உன்னிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து எனக்கு.

"நான் இன்னா தபால்காரனா? எனக்குன்னு ஒரு சமாதானம் வச்சிக்க முடியல" என்று முணுமுணுப்பார்.

அவர் கை விலகியதும் என் விரல்களில் பூண்டு மணக்கும். அப்பம் வாங்கும்போதும் மணக்கும். ஜன்னல் வெயில் சாய்ந்து விழ, தூரத்தில் மின்சார ரயில் போக, நான் வேண்டாம் என்று ஒதுக்கிய கை வருடக்கணக்கில் என் கைக்குள்ளேயே இருந்தது.

தங்கைக்கு நசரத்பேட்டையில் நல்ல இடம் அமைந்தது. "நானே மறந்துட்டேன்ணே. நீ ஏன் இன்னும் சொமந்துகினு கீறே?" என்று கேட்டாள். கோபம் பழகிப்போயிருந்தது.

ஒரு ஞாயிறு டைலர் வரவில்லை, மகளுக்குப் பிரசவம். நடுவில் காலி இடம். சமாதானம் உன்னிடம் வந்தது. குவித்த கையோடு என் பக்கம் திரும்பி நின்றாய். எனக்கு அந்தப் பக்கம் நாலு பேர் காத்திருந்தார்கள். நான் வாங்காவிட்டால் அவர்களுக்கும் போகாது. உண்மையைச் சொல்கிறேன், பெரிய பக்தியெல்லாம் இல்லை. யாருக்கோ போகிற சரக்கை வழியில் மறிக்க நான் யார் என்றுதான் தோன்றியது. நகர்ந்து வந்து உன் கையைப் பிடித்தேன்.

"தேவ சமாதானம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில், "தங்கச்சி நல்லா கீதா மாமே?" என்றாய்.

"கீது. ரெண்டு பசங்க."

திரும்பி, காத்திருந்தவர்களுக்குச் சமாதானத்தைக் கடத்தினேன்.

அடுத்த முறை டைலர் நாம் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "போஸ்டாபீசு மூடியாச்சா? அப்பாடா" என்று பின் பெஞ்சுக்குப் போனார். ஆனால் எனக்குள் எல்லாம் அன்றே தீர்ந்துவிடவில்லை. மறுநாளே பழைய கோபம் கடை வாசலில் வந்து நின்றது. ஷட்டரைப் போல, மன்னிப்பையும் தினமும் காலையில் புதிதாகத் தூக்க வேண்டியிருந்தது. போகப்போகத்தான் கனம் குறைந்தது.

நீ கர்த்தரிடம் போன பிறகு என் கைக்கு வரும் சமாதானத்தில் வாசமே இல்லை. இப்போது பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருபவர், என் கடைக்கு நேர் எதிரே அரிசிக் கடை போட்டவர். அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சமாதானம் கொடுக்கும்போதும் விரல் நுனியோடு சரி.

இன்று ஞாயிறு. சர்ச்சுக்கு முன் ஒரு மணி நேரம் கடை திறக்கும் பழக்கத்தை இன்னும் விடவில்லை, திட்டாதே. ஒரு பல் பூண்டை நசுக்கி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டேன். ஷட்டரை இறக்கியாயிற்று. கை கழுவவில்லை.