சருகு யாருக்குச் சொந்தம்

ஜனவரி 8
காவல் கோபுரத்தில் ஏறிப் பார்த்தேன். காடு காய்ந்து கிடக்கிறது. பத்து வருடமாக இந்த மாதத்தில்தான் தீத்தடுப்புக் கோடு போடுவோம். காட்டோரமாக நான்கு கிலோமீட்டருக்குப் புல், சருகு எல்லாம் வாரி வெறும் மண்ணாக்குவது. எரிய ஒன்றும் இல்லையென்றால் தீ அங்கேயே நிற்கும். இந்த வருடம் ஆட்கள் வரவில்லை. உத்தரவுதான் வந்தது: நிபுணர் குழு முடிவெடுக்கும் வரை எதையும் தொடக்கூடாது.

ஜனவரி 19
குழு வந்தது. இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் காட்டில் மனித விரலே படக்கூடாது என்பவர். மற்றவர் அளவோடு வெட்டலாம், அளவோடு விற்கலாம் என்பவர். நான் வைத்த பெயர்கள்: தொடாதே, அளவோடு.

"சருகு மண்ணுக்குச் சொந்தம். எடுத்தா திருட்டு" – தொடாதே.

"எருவாக்கி வித்தா காட்டுக்கே வருமானம்" – அளவோடு.

"எப்படியோ ஒண்ணு, இப்போ பெருக்கிடலாமா சார்?" என்றேன். நாற்காலி பேசிவிட்டதைப் போல இருவரும் என்னைப் பார்த்தார்கள். கிளம்பும்போது தொடாதே தன் செருப்பில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டுப் போனார். அதற்கு உத்தரவு உண்டா?

பிப்ரவரி 2
முடிவு இல்லை. இன்னொரு கூட்டமாம்.

பிப்ரவரி 11
பொறுக்க முடியவில்லை. வீட்டுத் துடைப்பத்தோடு கிளம்பிவிட்டேன். தெரிந்தால் வேலை போகும், இந்தக் குவார்ட்டர்ஸும் போகும். கணவர் வாசலில் நின்று சிரித்தார். "வீட்டைப் பெருக்கச் சொன்னா இடுப்பு வலி. காட்டுக்கு மட்டும் இடுப்பு சரியாயிடுமா?" சொன்னவர் மண்வெட்டியோடு பின்னாலேயே வந்தார்.

மார்ச் 5
முடிந்தது. இருபத்து மூன்று காலைகள். மூன்று துடைப்பங்கள்.

மார்ச் 21
சாலையோரப் புல்லில் தீ. கோடு வரை வந்தது. நின்றது. அணைந்தது. அழுதேன்.

மார்ச் 24
மறுபடி குழு.

"பாத்தீங்களா? தொடாம விட்டா காடு தன்னைத்தானே காப்பாத்திக்கும்!"

"ஓரத்துல அளவோட விறகு எடுக்க விட்டோம்ல, அதான் நின்னுச்சு!"

காலடியில் வெறும் மண். இருவரும் குனிந்து பார்க்கவில்லை. படித்தவர்கள் அல்லவா. கூட வந்த எங்கள் வனத்துறை அதிகாரி ஒரு தாளை நீட்டினார், 'நான் எதையும் தொடவில்லை' என்று. "கையெழுத்துப் போட்டுடும்மா, வேலை தங்கும்."

போட்டால் இனி கோடே வேண்டாம் என்று எழுதிவிடுவார்கள் – அப்புறம் இந்தக் காட்டுக்கு யார் இருக்கிறார்கள்? பேனாவை வாங்கி அதன் கீழேயே எழுதினேன்: நான்தான் பெருக்கினேன். அதனால்தான் தீ நின்றது.

ஏப்ரல் 2
இடமாற்றம், அடிவாரத்து அலுவலகத்துக்கு. குற்றம்: சருகுகளைக் கலைத்தது. புது வேலை: குழு கூடும் அறையைப் பெருக்குவது. "அங்க தூசியைத் தொட அனுமதி உண்டான்னு கேட்டுக்கோ" என்றார் கணவர். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 18, மறு வருடம்
இந்த வருடமும் கோடு போடவில்லை. இன்று குழுவின் பதினோராவது கூட்டம். பொருள்: சருகு. தேநீர் வைக்கப் போனவள் ஜன்னல் வழியே பார்த்தேன். மலையில் புகை. என் கோபுரத்துக்குக் கீழே.

"சார், காடு எரியுது!"

"ஒரு நிமிஷம்மா, இந்தப் பாயிண்ட்டை முடிச்சுடறோம்."

காற்று திரும்பியது. புகை அறைக்குள்ளேயே வந்தது. இருவருக்கும் இருமல்.

"ஜன்னலைச் சாத்தும்மா!" – தொடாதேயும் அளவோடும் ஒரே குரலில். இத்தனை நாளில் அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

நான் சாத்தவில்லை. மீதி மூன்று ஜன்னல்களையும் திறந்துவிட்டேன்.