மேபலிடம் சேராத குப்பி

வெள்ளவத்தை
12.03.1997

அன்புள்ள செலீனுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மாவைப் போன ஞாயிறு கொட்டாஞ்சேனையில் கண்டேன். மூட்டுவலி குறைந்திருக்கிறதாம். நீ சாப்பாட்டைக் கவனிப்பதில்லை என்று குறைப்பட்டார்.

நீ எதிர்பார்த்திருக்கும் பொருள் வராது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் தொடங்கிய சேர்வையை ஒருவழியாகச் செய்து முடித்தேன். இரண்டு ருத்தேனியம் அணுக்கள், நடுவில் அவற்றைப் பிணைக்கும் மூலக்கூறு. ஒளி பட்டால் ஓர் அணுவிலிருந்து மற்றதற்கு இலத்திரன் பாய வேண்டும். பாய்கிறதா என்று பார்க்கத்தான் இங்கே வழியில்லை. அது உறிஞ்சும் ஒளி சிவப்புக்கும் அப்பால் இருக்கிறது. எங்கள் கருவி அதற்கு முன்பே நின்றுவிடும். அதனால்தான் சிறு குப்பியில் போட்டு, லண்டனுக்குப் புறப்பட இருந்த மேபலிடம் சேர்க்கச் சொல்லி என் கணவரிடம் கொடுத்துவிட்டேன். மேபல் அவருடைய கந்தோரில் வேலை செய்பவர்.

கொள்ளுப்பிட்டியில் அவர் போன பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். தமிழன் கையில் கருநீலத் தூள். வேறென்ன வேண்டும்? கணக்குப் பார்க்கிற மனிதர், அது என்னவென்று சொல்லத் தெரியாமல் முழித்திருக்கிறார். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். இது வெடிக்காது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்படியானால் என்னதான் செய்யும் என்று அதிகாரி கேட்டார். வெளிச்சம் பட்டால் ஓர் உலோகத்திலிருந்து மற்றதற்கு இலத்திரன் போகும் என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். "அப்ப, வெளிச்சம் பட்டால் ஏதோ நடக்கும்" என்றார். அதற்கு மேல் நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

ஒரு கிழமை கழித்து, எங்கள் பேராசிரியர் வந்து கையெழுத்து வைத்த பிறகே விட்டார்கள். குப்பியைக் கேட்டேன். கழிவுநீர்க் கானுக்குள் கொட்டியாகிவிட்டதாம். எத்தனை மாத வேலை, செலீன்! யாரிடம் போய்க் கத்துவது?

வீட்டுக்கு வந்தவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். "அந்த இலத்திரன் பாயுதோ இல்லையோ எண்டு இனி எப்பிடிப் பாப்பீர்?" என்று மட்டும் கேட்டார்.

ருத்தேனியம் உப்பும் முடிந்துவிட்டது. ஆகவே நீயே அங்கே செய்து அள. செய்முறையை எழுத முடியாது, கடிதத்தை உடைத்துப் பார்ப்பார்கள். நாம் சேர்ந்து போட்ட வழிதான் சரி. கடைசியில் சூட்டை மட்டும் குறை. கட்டுரையில் என் பெயரையும் போடு. விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பதிலைப் பல்கலைக்கழக விலாசத்துக்கு அனுப்பு. வீட்டுக்கு வேண்டாம். தபால்காரர் மணியடித்தாலும் இவர் எழும்பிச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, போவதற்கு ஆயத்தமாக வாசலில் வந்து நிற்கிறார்.

நீ அங்கேயே பத்திரமாக இரு.

அன்புடன்,
ஜெகதீஸ்வரி