அந்தக் கீல் யாருடையது?

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. இலஞ்சி வரைக்கும் தூறல். மாடியில் ஒரு துணி காயப்போட முடியவில்லை. நேற்று அந்த ஈரத்தில் நம் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியது யார் தெரியுமா? உங்கள் அந்தோணி.

நீங்கள் கண்ணை மூடியபோதுகூட வராத மனிதர். துப்பாக்கித் தொழிற்சாலையில் உங்கள் பக்கத்து மேஜையில் இருந்து படம் வரைந்தவர். இரட்டைக் குழலை மேலும் கீழுமாக அடுக்கிய துப்பாக்கிக்கு நீங்கள் வரைந்த கீலைப் பார்த்துவிட்டு, அது தன்னுடையது, சுப்பையா திருடிவிட்டான் என்று மேலதிகாரியிடம் போய் நின்றவர்.

துப்பாக்கி மடங்கித் திறக்கும் அந்தக் கீலை, அடிக்குழலுக்குக் கீழே வைக்காமல் இரண்டு பக்கத்திலும் வைத்தால் கனம் குறைந்து கைக்கு அடங்கும் என்றீர்கள். என் கைகளையே குழல்களாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து விளக்கினீர்களே, மறக்குமா? அவரும் அதையேதான் வரைந்து வைத்திருந்தாராம். கடைசியில் இரண்டு படத்தையும் ஓரங்கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொந்தமாக ஒரு கோடும் இழுக்கவில்லை.

அந்தோணி அண்ணாச்சியை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செங்கோட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட் குடும்பம், பழைய துப்பாக்கியை விற்பதற்கு முன்னால் பார்த்துச் சொல்ல அவரைக் கூப்பிட்டிருக்கிறது. திறந்து பார்த்தால், இரண்டு பக்கமும் அதே கீல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீசனுக்குக் குளிக்க வந்த நீங்கள் இருவரும் அந்த வீட்டுக்குப் போய், அதே துப்பாக்கியை மாறி மாறித் திறந்து மூடிப் பார்த்தது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்ததாம்.

என்னிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். "எங்கிட்ட வேண்டாம் அண்ணாச்சி. அவுககிட்டயே சொல்லுங்க" என்றேன்.

சுவரில் மாட்டிய உங்கள் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றார். "ஏலே சுப்பையா, நீ என்னையப் பாத்து வரையல. நானும் உன்னையப் பாத்து வரையல. ரெண்டு பேரும் அதைத்தாம்லே பாத்திருக்கோம். பாத்தத மறந்துட்டு, சொந்தம்னு நெனச்சிட்டோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அவன் வரைஞ்ச படத்துல, குழல் ரெண்டையும் இறுக்கிப் பிடிக்குத பூட்டு இருக்குல்லா தங்கச்சி, அது அவன் யோசிச்சது. அந்தத் துப்பாக்கில அது இல்ல. நான் வேற எங்கயும் பாத்ததும் இல்ல. இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவர் போனதும் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தது. இதைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டாமா? திருட்டுப் பட்டம் போனதற்குச் சிரித்திருப்பீர்களா? கீல் உங்களுடையது இல்லை என்று முகம் வாடியிருப்பீர்களா? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குத்தான் வழியில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், அத்தான். இனி யார் கேட்டாலும், கீல் என் அத்தான் எஸ்டேட் துப்பாக்கியில் பார்த்தது, பூட்டு அவரே கண்டது என்று இரண்டையும் சொல்வேன். அந்தோணி அண்ணாச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வேன்.

உங்கள் முகம் பார்க்க ஏங்கும்
மாமன் மகள்,
செண்பகம்