தெருவுக்கெல்லாம் உங்கள் நம்பர்

பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகும் உங்கள் செல்லுக்கு ஓய்வில்லை. எனக்கும்தான். காரியம் முடிந்து வீடு கழுவிவிட்ட அன்றைக்கே அது சத்தம் போட்டது. தெருவில் யாரோ மெயிலைத் திறக்கிறார்கள், ஓடிபி உங்களுக்கு வந்திருக்கிறது.

நல்ல காரியம் செய்து வைத்தீர்கள், போங்கள். கடலுக்குப் போகிறவன் நனைந்துவிடும் என்று போனை வைத்துவிட்டுப் போவான். வீட்டில் இருக்கிறவளுக்கு நம்பர் அடிக்கடி மாறும். கடையை விட்டு நகராத அண்ணாச்சி நம்பர்தான் நிலையானது என்று தெருவே மெயிலுக்கு அதைக் கொடுத்தது. வீட்டுச் சாவியையும் நம் கடையில்தானே கொடுத்துவிட்டுப் போவார்கள், இதுவும் அப்படித்தான் என்று நீங்களும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

போன வாரம் ஒருத்தன் பேசினான். "அக்கா, நான் மிக்கேல் பேசுதேன். ஒரு நம்பர் வந்திருக்கும், சட்டுனு சொல்லுங்க." பாதி சொல்லியும் விட்டேன். பிறகுதான் உறைத்தது. எதிர்வீட்டு மிக்கேல் என்னை மதினி என்றல்லவா கூப்பிடுவான்? அவன் போட்டும் அப்போது கரைக்கு வந்திருக்கவில்லை. வைத்துவிட்டேன். அவன் மகளின் காலேஜ் விஷயம் அத்தனையும் அந்த மெயிலில்தான் கிடக்கிறது.

தெருவுக்கே தெரிந்த நம்பர். போனில் பேசினவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று யாரைப் போய்க் கேட்க?

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவரவர் நம்பருக்கு மாற்றிவிட்டேன். பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன். பாதிப்பேர் போட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது போட்டின் முகப்பிலேயே பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, அத்தான்?

மிக்கேல் பெண்டாட்டி சேசம்மாள் மட்டும் முரண்டு பிடித்தாள்.

"அண்ணாச்சி நம்பர எடுத்துட்டா அவுக இல்லன்னு ஆயிரும்லா, மதினி?"

"அவுக இல்லதானே, ஏளா" என்றேன். சொன்ன பிறகு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது செல்லில் சத்தமே இல்லை. அலுப்பு, அலுப்பு என்று புலம்பினேன். "அண்ணாச்சி போனுக்கு வந்திருக்கா" என்று கேட்டுக்கொண்டு இனி யாரும் படியேற மாட்டார்கள் என்பது அப்போது தோன்றவில்லை. நாள் முழுக்க உங்கள் பேச்சாகத்தான் இருந்திருக்கிறது.

மிச்சம் என்னுடைய மெயில் ஒன்றுதான். இந்த நம்பரை நீக்கலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. ரீசார்ஜை நிறுத்தினால் கொஞ்ச நாளில் இதை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்களாம். ஊருக்கு உபதேசம் செய்தவள், என் கதவை மட்டும் முகந்தெரியாதவன் கையில் விடலாமா?

நாளைக் காலையில் கடை திறந்ததும் மாற்றிவிடுகிறேன், சத்தியமாக. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை மெயிலுக்குள்ளே போய்க்கொள்கிறேன். ஓடிபி எண் உங்களுக்கு வரட்டும். நீங்கள் வாசித்துத் தந்ததாக வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி,
பாக்கியம்