ஜன்னலில் ஒரு சிவப்புப் போர்வை

1881 ஏப்ரல் 19
காலையில் படுக்கையை ஜன்னலில் காற்றாடப் போட்டுப் பத்து மணிக்குள் மடித்துவிட வேண்டும். இந்த ஊரில் நல்ல குடும்பப் பெண்ணுக்கு அதுதான் அடையாளம். இன்று என் மனைவி க்ளோதில்ட் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். எடுத்து வைக்கச் சொன்னதை நான் மறந்தே போனேன். இறகு அடைத்த சிவப்புப் போர்வை மாலைவரை தொங்கியது. திரும்பி வந்தவள் பாலத்திலேயே அதைப் பார்த்துவிட்டாள்.

“நாம இப்பத்தான் தூங்கி எந்திரிச்சோம்னு ஊரே நினைச்சிருக்கும். மானமே போச்சுங்க!”

மறந்தது நான். பேர் கெடுவது அவளுக்கு. என்ன நியாயம் இது?

ஏப்ரல் 20
காலையில் ஒரு தாடிக்காரர் கதவைத் தட்டினார். கோட்டெல்லாம் சாயம். எதிர்க்கரையில் உட்கார்ந்து ஸேன் ஆற்றை வரைகிற ஃபாவ்ரெல்.

“வாத்தியாரய்யா, நேத்து மூணு மணிக்கு உங்க ஜன்னல்ல ஒரு சிவப்பு இருந்துச்சே, அது இன்னைக்கும் வருமா?”

“அது எங்க போர்வை. மடிச்சு வெச்சாச்சே.”

“ஐயையோ! அது இல்லாட்டி ஆறு பச்சையாவே தெரியாதுங்க. படம் முடியறவரைக்கும் வெயில் அடிக்கிற நாள்ல மட்டும் போட்டு வைங்க.”

“ஞாபகத்துல வெச்சு வரையக் கூடாதா?”

“ஞாபகத்துலயா?” திருடச் சொன்னதுபோலப் பார்த்தார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. மிட்டாய் தின்ற வாய்க்கு ஆப்பிள் இன்னும் புளிக்கும், இல்லையா? சிவப்பைப் பார்த்த கண்ணுக்குப் பச்சையும் அப்படித்தான். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். க்ளோதில்டிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 21
சொன்னேன். சூப் தட்டு மேசையில் வந்து விழுந்தது. பாதி மேசைவிரிப்புக்கு.

ஏப்ரல் 27
மூன்று மணிக்குப் போர்வையை நானே தொங்கவிட்டேன். கீழே ரொட்டிக்கடை பொலார் அம்மாள் நின்றாள்.

“என்ன க்ளோதில்ட், உங்க வீட்ல இப்பத்தான் விடியுதா?”

க்ளோதில்ட் அடுப்படிக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

மே 3
மழை. க்ளோதில்ட் பாடிக்கொண்டே கேரட் நறுக்கினாள்.

மே 12
“இன்னைக்கு அந்த ஆளை ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்” என்று குடையை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

படத்தில் மாதா கோயில் ஒரு சாம்பல் தீற்றல். எங்கள் வீடு இரண்டு கோடு. போர்வை கட்டைவிரல் அகலம்.

“இந்தப் பொட்டுக்கா இவ்வளவு பாடு?” என்றாள். பிறகு உற்றுப் பார்த்தாள். “ரொட்டிக்கடையைக் காணோமே?”

“அது தேவைப்படலைம்மா.”

“தேவைப்படலையா?”

“இல்லைம்மா.”

குடையை மடக்கினாள். வீட்டில் ரொட்டி இருந்தும், வரும் வழியில் பொலார் கடைக்குள் நுழைந்தாள். வெளியே வர வெகுநேரமானது.

மே 14
விபரீதம்! மூன்று மணிக்குக் கரை நெடுக எல்லா ஜன்னலிலும் படுக்கை. எல்லோருக்கும் படத்தில் இடம் வேண்டுமாம். பொலார் அம்மாளுடையது மஞ்சள், தபால்காரர் வீட்டில் நீலம், யாரோ கம்பளத்தையே தொங்கவிட்டிருந்தார்கள். வகுப்பில் ஒருவன் கை தூக்கினால் கேட்கலாம். மொத்த வகுப்பும் கத்தினால்?

எதிர்க்கரையில் ஃபாவ்ரெல் தொப்பியைத் தரையில் அடித்தார். “ஆத்தையே காணோம்! நான் கிளம்பறேன், படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!”

இத்தனை நாள் பட்ட அவமானம் வீணா? க்ளோதில்ட் தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே நின்று, நாலு தெருவுக்குக் கேட்கிற குரலில்:

“என்ன, இன்னும் எந்திரிக்கலையா?”

படுக்கைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பொலார் அம்மாளின் மஞ்சள்தான் முதலில். மிஞ்சியது எங்கள் சிவப்பு மட்டும். ஃபாவ்ரெல் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு தூரிகையை எடுத்தார்.

மே 24
படம் முடிந்தது. ஃபாவ்ரெல் வேறு ஆற்றைத் தேடிப் போய்விட்டார்.

ஜூன் 2
நல்ல வெயில். எங்கள் ஜன்னலுக்குக் கீழே, கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தேன். கோயில் மணி மூன்று அடித்தது. நிமிர்ந்து பார்த்தால், ஜன்னலில் சிவப்பு. நான் போடவில்லையே!

“படம்தான் முடிஞ்சுபோச்சே, க்ளோதில்ட்?”

“தெரியும்.” போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டுக் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். “ஆறு பச்சையாத் தெரியுதா, பாத்துச் சொல்லுங்க.”