போன வாரத்துப் பிரதி

மே 9, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுட்டெரிக்கிறது. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் துறைமுகக் கரித்தூள். மறுபடி அலசல். சோப்பு வாங்க வேண்டும்.

இன்று லீவு. டீமில் ஜூனியரான செல்வி புரோகிராம் கோடில் செய்த மாற்றத்தை வீட்டிலேயே படித்தேன். கம்ப்யூட்டரையே நடத்தும் அடிப்படைப் புரோகிராமான கர்னலின் மெமரிப் பகுதியில் அவளுடைய முதல் மாற்றம். மெமரியில் ஒரு பக்கத்தை இரண்டு புரோகிராம்கள் பகிர்ந்திருந்தால், ஒன்று விட்டதும் கர்னல் அதைக் காலி செய்துவிடக் கூடாது. இன்னொன்று வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையையே தூக்கிவிட்டிருக்கிறாள்! வந்த கோபத்தில் தேரடிப் பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போய் டீம் முழுவதற்கும் மெயில்: “அடிப்படையே தெரியாமல் எழுதியது. வேண்டாம்.” எழுதும்போது எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

மே 10, புதன்

ஆபீசில் செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியானம் கோடின் புதுப் பிரதியைத் திறந்தேன். அந்தச் சோதனையை ஒரு படி முன்னாலேயே நடக்கும்படி போன வாரமே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டிருக்கிறார்கள். அவள் எடுத்தது தேவையில்லாத மிச்சம். நான் வீட்டில் ஒப்பிட்டுப் பார்த்தது சீடியில் கொண்டுபோன பழைய பிரதியோடு. அவள் செய்தது சரி.

கேன்டீனில் பிடித்து, மெதுவாக சாரி சொன்னேன்.

“இன்னாக்கா இது? எல்லாருக்கும் மெயில் போட்டு மானத்த வாங்கிட்ட. சாரிய மட்டும் என் காதுல சொல்லிகினு கீற. அத்தையும் மெயில்ல போடு.”

“போடுறேன்டி.”

போடவில்லை. இத்தனை வருஷ சீனியர் பழைய பிரதியைப் பார்த்து உளறினேன் என்று என் கையாலேயே எழுதணுமா? நாளைக்குப் பார்க்கலாம்.

மே 11, வியாழன்

ரயில் லேட். அதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

“உங்க மெயிலைப் பார்த்தேன் மேடம். செல்வியை டெஸ்டிங்குக்கு மாத்திட்டேன், இனி கோடு எழுத மாட்டா. அந்த வேலையைக் கோபி பார்த்துப்பான்.”

தப்பு என்னுடையது என்றேன்.

“நேத்தே சொல்லியிருக்கலாமே. ஆர்டர் போட்டாச்சு.”

உடனே டீமுக்கு மெயில் போட்டேன், எதையும் ஒளிக்காமல். செல்வி நின்றபடியே படித்தாள்.

“இப்ப இன்னாத்துக்குக்கா?”

பையை எடுத்துக்கொண்டு கீழ்மாடிக்கு இறங்கிவிட்டாள். பாத்ரூமில் போய் அழுதேன். வெட்கம்தான், வேறென்ன.

மே 15, திங்கள்

கடல் காற்று. ராயபுரம் தாண்டும்வரை ரயில் பெட்டியெல்லாம் மீன் வாசனை. சோப்பு இன்னும் வாங்கவில்லை.

கோபியின் மாற்றம் வந்தது. செல்வி செய்த அதே மாற்றம், வரிக்கு வரி. புதுப் பிரதியை வைத்து இரண்டு தடவை படித்தேன். குறை இல்லை. எழுதியவர் என்று செல்வி பெயரைப் போடச் சொன்னேன். “டெஸ்டிங் ஆளு பேரு அதுல வராது மேடம்” என்றார் மேனேஜர்.

சாயங்காலம் மாற்றம் கோடில் சேர்ந்துவிட்டது. எழுதியவர்: கோபி. பார்த்துச் சரி சொன்னவர்: நான்.